வெள்ளைச் சட்டை போட்ட அப்பா

"தொப்பியைக் கழட்டியாச்சு அண்ணை. தலைமயிர்தான் பிரச்சினையாக் கிடந்தது," என்றபடி கணேசலிங்கம் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

நாங்கள் குடியிருக்கும் கார்ட்டியர்வில்லில் தமிழர்களின் பாதி மரண அறிவித்தல்கள் அவர் கடையில் அச்சாகுபவை. ஆயுள் முழுக்கச் சாரமும் பெனியனுமாகத் திரிந்தவர்களுக்குக் படத்தில் கோட்டும் டையும் மாட்டி வழியனுப்புவதில் மனிதர் கைதேர்ந்தவர். அதனால்தான் அப்பாவையும் அவரிடம் கொண்டுவந்தேன். அப்பாவுக்கு மாட்ட வேண்டியது எதுவுமில்லை, கழற்ற வேண்டியதுதான் இருந்தது. அவருக்கென்று இருக்கும் ஒரே இளவயதுப் படம் சீருடையில் எடுத்தது.

"இது யார் முடி?"

"போன கிழமை மோசம் போன ஒரு ஐயாவின்ர. வடிவாப் பொருந்துது, பாருங்கோ."

செத்தவர் முடி பொருந்தத்தான் செய்தது. வெள்ளைச் சட்டையில் இருபத்திரண்டு வயது அப்பா பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். தொப்பியின் விளிம்பால் விழுந்த நிழல் மட்டும் நெற்றியில் பட்டையாக நின்றது.

"உது போகுதில்லை அண்ணை. மேல விபூதிக் குறி ஒண்டு இழுத்து விடட்டோ? ஒருத்தருக்கும் தெரியாது."

அப்பா விபூதி பூசியவரில்லை. வேண்டாம் என்றேன். சீருடையையே கழற்றச் சொன்னவனுக்கு அந்த இடத்தில் வந்த நேர்மையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

என் மகள் ஹம்சினிக்கும் துவான் என்ற வியட்நாமியப் பையனுக்கும் நிச்சயதார்த்தம். துவானின் அம்மா மதாம் லான், லவாலில் இருக்கிறார். அவர் வீட்டு முன்னறையில் முன்னோர்களுக்கென்று ஒரு மேடை உண்டு. படங்கள், பழம், சின்னக் கோப்பைகளில் தேநீர். நிச்சயத்தன்று உங்கள் அப்பா படத்தையும் கொண்டுவாருங்கள், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கட்டும் என்றார். நாம் படையல் போடுவதில்லையா, அதுபோலத்தானே என்று தலையாட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் மேடையின் நடுவில் படத்தில் இருந்த பையன் யார் என்று விசாரித்தேன். மதாம் லானின் பெரியப்பாவாம், பத்தொன்பது வயது. உலக யுத்தம் முடிந்து பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது ஊர்ப் பையன்களோடு மூங்கில் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கப் போனவர். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அப்பா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் படையில் சொல்தா. சிப்பாயை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நான் பாரிசுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் வாய் திறந்தார், அந்த ஒரு தடவைதான்.

"பெரிய சண்டதான் முடிஞ்சிடுச்சே, ஊருக்குப் போயிடலாம்னு இருந்தோம். கப்பல்ல ஏத்தி சைகோனுக்குக் கொண்டு போயிட்டாங்க. அங்க ஒரு ஊர்ல பசங்க மூங்கில் கழிய வச்சிக்கிட்டு எதிர்ல நின்னானுங்க. எங்ககிட்ட மெஷின்கன் இருந்துது. அரை மணி நேரம் கூட இல்லடா."

"எந்த ஊருப்பா?"

"பேரு தெரியாது. தென்ன மரமா இருந்துது. நம்ம ஊர் மாதிரியே இருந்துது."

அவர் சம்பாதித்துத் தந்த பிரெஞ்சுக் குடியுரிமையில்தான் பாரிஸ் போனேன், அங்கிருந்து கடல் கடந்து இங்கே வந்தேன். என் வாழ்க்கையில் நல்லதாக நடந்த எல்லாமே அந்த அரை மணி நேரத்தின் மேல்தான் நிற்கிறது.

ஹம்சினிக்கு இதெல்லாம் தெரியும். "நிச்சயத்துக்கு முன்னாடி நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்கப்பா. மறைச்சு வச்சு நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்," என்றிருந்தாள். போன வாரம் மறுபடி கேட்டாள். சொல்லிட்டேன்மா, பெருந்தன்மையா எடுத்துக்கிட்டாங்க என்றேன். மளமளவென்று வந்தது பொய்.

நிச்சய நாளான ஞாயிற்றுக்கிழமை காலை லவாலில் பையிலிருந்து படத்தை எடுத்தேன். பழத்தட்டோடு வந்த ஹம்சினி வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மதாம் லான் அப்பாவைத் தன் பெரியப்பாவுக்குப் பக்கத்தில், சட்டத்தோடு சட்டம் ஒட்டினாற்போல் வைத்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"நல்ல முகம். ஆசிரியராக இருந்தாரா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ம்," என்றேன்.

விருந்தாளிக்குத்தான் முதல் மரியாதை என்று ஊதுபத்தி கொளுத்தி, முழங்கால் வலியோடு அப்பாவுக்கு மூன்று முறை குனிந்து எழுந்தார். எழுபத்திரண்டு வயது. ஒவ்வொரு முறை குனியும்போதும் ஓடிப்போய்த் தடுக்க வேண்டும்போல் இருந்தது, நின்ற இடத்திலேயே நின்றேன். நிமிர்ந்தவர் படத்தை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் இருந்த துணியை எடுத்து அப்பாவின் நெற்றிக்கு மேல் கண்ணாடியைத் துடைத்தார். போகவில்லை. வாயால் ஊதிவிட்டு இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"அது அழுக்கில்லை, மதாம்."

"பிறகு என்ன?"

ஹம்சினி பழத்தட்டைக் கீழே வைத்தாள். மதாம் லான் பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி சுற்றிய அவர் விரல் இன்னும் அப்பாவின் நெற்றியிலேயே இருந்தது.