புத்தகத்தில் ஏறிய பெயர்

நல்லமுத்துவின் குடும்பத்தில் அதுவரை யார் பெயரும் போலீஸ் புத்தகத்தில் ஏறியதில்லை. அவர் பெயரை அதில் ஏற்றியது ஒரு கைப்பிடிச் சோறு.

மலாயாவில் அவசரகாலம் தொடங்கி நாலாவது வருஷம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, ஒரு பருக்கைகூட ரப்பர் எஸ்டேட்டின் முள்கம்பி வேலியைத் தாண்டக் கூடாதென்பது உத்தரவு. நல்லமுத்துவோ அமாவாசையன்று அப்பாவுக்குப் படைத்த சோற்றைக் காக்கைக்கு வைக்காமல் வாயில் போடாதவர். ஓர் அமாவாசையில் வேலிக்குள் ஒரு காக்கையும் எட்டிப் பார்க்கவில்லை. மத்தியான வேலைக்குப் போகும்போது, வெளியே காக்கைக்கு வைக்கலாமென்று சோற்றை வாழையிலையில் மடித்து மடியில் செருகிக்கொண்டார். கேட்டில் பிடித்துவிட்டார்கள்.

மலாக்கா போலீஸ் ஸ்டேஷனில் மூன்று நாள் வைத்து விசாரித்து அனுப்பினார்கள். பெயர் மட்டும் புத்தகத்திலேயே தங்கிவிட்டது. கேட்டில் மற்றவர்களுக்கு ஒரு சோதனை என்றால் அவருக்கு இரண்டு. வாயைக்கூடத் திறந்து காட்ட வேண்டும்.

முதலில் கண்டவரிடமெல்லாம் நடந்ததைச் சொன்னார்.

“ஆமாண்ணே, காக்காதான்லா. எங்களுக்குத் தெரியாதா?” என்று கண்ணடித்தார்கள்.

சொல்வதை விட்டுவிட்டார். ஆனால் ஒரு விசித்திரம். விடியலில் ஆள் கணக்கெடுக்கும்போது அவரை ‘டேய்’ என்றே கூப்பிட்டுப் பழகிய, வேலை வாங்கும் மண்டோர் நாகமுத்து, இப்போது ‘அண்ணே’ என்றார். நல்ல பால் சுரக்கும் மரங்களாகப் பார்த்துக் கொடுத்தார். குழாயடியில் பெண்கள் வழிவிட்டார்கள். மண்டோரின் குரல் கொஞ்சம் உயர்ந்தால் நல்லமுத்து காட்டுப் பக்கம் திரும்பி ஒரு செருமல் செருமுவார். குரல் தானாக இறங்கிவிடும்.

“என்ன நடை இது? போன மாசம் வரைக்கும் ஒழுங்காத்தானே நடந்தீங்க?” என்றாள் மனைவி முத்தாயி.

இதற்கிடையே இன்ஸ்பெக்டர் வாரம் தவறாமல் வந்து போனார். காட்டுக்குச் சோறு கொண்டுபோகிறவன் ஒருவன் பெயரைச் சொன்னால் நல்லமுத்துவின் பெயரை அடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். தெரிந்தால்தானே சொல்வதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கும் அல்போன்ஸ் வீட்டுக்கு வந்தான். அவன் கையில் பிஸ்கட் டின். மூடியைத் திறந்தான். பாதிக்கு அரிசி.

“எந்தம்பி காட்டுக்குள்ள போயிட்டான்ணே. மூணு தடவ நானே கொண்டு போனேன். இப்ப எம்மேல கண்ணு வச்சிருக்காங்க. நீங்க போற வழியில குடுத்துடுங்க.”

“எந்த வழி?”

“அதான், உங்க வழி.”

“அல்போன்ஸ், எனக்கு ஒரு வழியும் தெரியாது. காட்டுல நான் ஒரு மனுஷனையும் பார்த்ததில்ல.”

அல்போன்ஸ் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. டின்னை மூட முயன்றான். மூடி சரியாக உட்காரவே இல்லை. டின்னோடு எழுந்து போனான்.

சமையலறையில் இருந்த முத்தாயி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பெயரை அடித்துக்கொள்ள இதைவிட நல்ல சமயம் வராது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அல்போன்ஸைத் தூக்கில் போடுவார்களா என்றும் கேட்டாள். போட்டாலும் போடுவார்கள் என்றார்.

மறுநாளே ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி அவர் பேச்சை மொழிபெயர்த்தார்.

“யாராச்சும் இருக்காங்களான்னு கேக்கிறாரு.”

இதே கேள்விக்கு நல்லமுத்து முன்பு ஆறேழு தடவை இல்லை என்று சொல்லியிருந்தார். அவ்வளவும் உண்மை.

“யாரும் இல்லீங்க” என்றார்.

இன்ஸ்பெக்டர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். ஜீப் கிளம்பிப் போனது. நல்லமுத்துவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குற்றம் செய்தவனுக்கு எப்படி வியர்க்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. ஈரச் சட்டையோடு நிமிர்ந்துதான் வேலைக்குப் போனார்.