அவனுக்காகக் கொடுத்த குரல்

கோடை மலையோட்டக் கழகத்துக்குக் கட்டடம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு விசிலும், ஐந்து ஜோடி கேன்வாஸ் ஷூவும், ஓடியே தீருவது என்ற பைத்தியமும்தான். மலையில் பிறந்தவனுக்கு மலை ஏறப் பயிற்சியா, மீன்குஞ்சுக்கு எவனாவது நீந்தக் கற்றுக்கொடுப்பானா என்று சந்தைப் பக்கம் கேலி பேசினார்கள். பேசுகிறவனுக்கு என்ன, வாய்க்கு வரியா கட்டுகிறான்?

பொன்னுவேலுக்கு அந்தப் பைத்தியம் ரொம்பப் பிடித்திருந்தது. அட்டுவம்பட்டிக்காரன், டவுனில் ஒரு ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை. வாரம் முழுக்கப் புகையில் வெந்து கிடப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நெஞ்சு நிறைய மூச்சு கிடைக்கும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த நாலு பேரோடு இருக்கும்போது தானும் ஒரு ஆள்தான் என்று அவனுக்குத் தோன்றும்.

அந்த நாலு பேரில் தலைவர் சூசைமுத்து. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில் அவர் கழுத்தில்தான் தொங்கும். அடுத்தவன் திருமலைச்சாமி, தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்து ஜீப் ஓட்டுகிறவன், பேச்சே இல்லாத ஆள். அவன் பேச வேண்டியதையும் சேர்த்துப் பேச பழனிச்சாமி இருந்தான். வில்பட்டியில் பூண்டு விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளை. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டிவிடுவான். சூசைமுத்து அண்ணன் ஜெபம் பண்ணுகிற மாதிரி அவன் செய்து காட்டினால் சூசைமுத்துவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

கடைசியில் வீரையா. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற கூலி வரிசைவீட்டில் பிறந்து, அகதி மாதிரிக் கப்பலேறித் தாயோடு இங்கே வந்து சேர்ந்தவன். வாட்டில் மரம் வெட்டுகிற தினக்கூலி. ஐந்து பேரில் உண்மையாகவே ஓடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் ஓடினார்கள், அவன் காற்றுக்கு வழிவிட்டுப் போகிற மாதிரி போவான். ஆனாலும் எப்போதும் வரிசையில் கடைசியாகவே வருவான். ஏன்டா என்று கேட்டால், "பின்னால ஆள் இல்லாட்டி ஒங்களுக்குப் பயமா இருக்குமே" என்று சொல்லிச் சிரிப்பான்.

அவர்கள் ஓடுகிற பாதை, ரோடு வருவதற்கு முன்னால் சுமைகூலிகள் ஏறி இறங்கிய பழைய பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மேகம் இறங்கிவிட்டால் முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாது. அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நாவல் மரம், அதற்குக் கீழே வழுக்குப்பாறை, அதற்கும் கீழே ஊத்து என்று மூன்று இடங்களில் சூசைமுத்து நின்று விசில் கொடுப்பார். பின்னால் வருகிறவர்கள் வரிசைப்படி குரல் கொடுக்க வேண்டும். கடைசிக் குரல் வராமல் விசில்காரர் நகரக் கூடாது. குரல் வராவிட்டால் எல்லோரும் திரும்பி மேலே ஏற வேண்டும். ஆளுக்கொரு குரல் உண்டு. வீரையாவுடையது "வாறே...ன்" என்று இழுத்துக் கடைசியில் மேலே தூக்குகிற குரல்.

"எங்க தோட்டத்துப் பெரட்டு மாதிரியே இருக்கு" என்பான் அவன். பெரட்டு என்றால் காலையில் கங்காணி ஆள் எண்ணுகிற இடம். "யாருக்காச்சும் மேலுக்குச் சரியில்லாட்டி அந்த ஆளு வராது. பக்கத்துல நிக்கிற ஆளு அவுங்க பேருக்கும் சேத்துச் சத்தம் குடுத்துரும். இல்லாட்டி அன்னைக்கி அடுப்பு எரியாதே."

அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். பழனி உடனே வீரையா குரலில் "வாறே...ன்" என்றான். பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஓடி முடித்துக் கஞ்சி குடிக்கும்போது ஒவ்வொருவனும் வீரையா மாதிரிக் கத்திப் பார்ப்பான். பொன்னுவேலுக்கும் நன்றாகவே வந்தது. பிரியமான ஆளின் குரல் தொண்டையில் சீக்கிரம் படிந்துவிடும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி. தை மாதம் மாவட்ட மலையோட்டம் நடக்கப் போகிறது. அதில் முந்தி வருகிறவனுக்குக் காட்டிலாகாவில் காவலர் வேலைக்குச் சிபாரிசு உண்டு என்று ஒரு அதிகாரி சூசைமுத்துவிடம் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு நிலமோ ஜீப்போ அடுப்போ ஏதோ ஒன்று இருந்தது. வீரையாவுக்குக் கோடரி மட்டும்தான், அதுவும் காண்டிராக்டருடையது. அந்த வேலை வீரையாவுக்குத்தான் என்று கழகமே முடிவு கட்டியிருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டீமுக்கு ஆள் எடுக்கிற பயிற்சிக்கு முன்னால் சூசைமுத்து எல்லோரையும் நிறுத்திக் கண்டிப்பாகச் சொன்னார். "நாலு பேர்தான் டீம். இன்னிக்கு எவன் குரல் வரலையோ அவன் டீம்ல கிடையாது. ஃபிரெண்டு, கிண்டுன்னு எவனும் சிபாரிசுக்கு வரக்கூடாது. டிசிப்ளின்னா டிசிப்ளின்."

வீரையாவுக்கு வாரம் முழுக்கக் காய்ச்சல். கண் சிவந்திருந்தது. பொன்னுவேல் அவன் கையைத் தொட்டுப் பார்த்தான், அடுப்புத் தட்டு மாதிரிக் கொதித்தது. "ஏலே, முடியாட்டி சொல்லிருடா."

"முடியும். மெதுவா வாறேன். நீங்க போங்க."

நாவல் மரத்தடியில் விசில் வந்தபோது நாலு குரலும் ஒழுங்காக வந்தன. அதற்குப் பிறகு மேகம் இறங்கியது, தூறலும் பிடித்துக்கொண்டது. வழுக்குப்பாறையில் இரண்டாவது விசில். திருமலை குரல் கொடுத்தான், பழனி கொடுத்தான், பொன்னுவேலும் கொடுத்தான். பிறகு ஒன்றும் வரவில்லை.

பொன்னுவேல் திரும்பிப் பார்த்தான். வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. காலடிச் சத்தமும் இல்லை. எங்காவது குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருப்பான், இதோ வந்துவிடுவான் என்று நினைத்தான். கீழே விசில் மறுபடியும் ஊதப்போகிறது. ஒரு வாய்ச் சத்தத்துக்காக ஒருவனுடைய பிழைப்பு போகலாமா? வாயருகே கையைக் குவித்து "வாறே...ன்" என்று இழுத்தான். கடைசியில் அந்தத் தூக்கலும் தப்பாமல் வந்தது. கீழே ஓட்டம் தொடர்ந்தது. பொன்னுவேலும் ஓடினான். நல்ல காரியம் ஒன்று செய்த சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

ஊத்தில் மூன்றாவது விசில் வந்தபோது இன்னொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று அவன் வாயெடுத்தான். அதற்குள் "வாறே...ன்" என்று வீரையாவின் குரலே கேட்டது. வந்து சேர்ந்துவிட்டான் என்று பொன்னுவேலுக்கு உயிர் வந்தது. மேகத்துக்குள் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று யாராலும் சொல்ல முடியாது. அவன் யோசித்தும் பார்க்கவில்லை. தனக்கு வேண்டியது காதில் விழுந்தால் எவன்தான் யோசிக்கிறான்?

கீழே ஓடைக்கரையில் நாலு பேர் நின்றார்கள். ஐந்தாமவன் வரவில்லை. வெகுநேரம் காத்திருந்தார்கள். காய்ச்சல் முற்றி வீட்டுக்குத் திரும்பியிருப்பான் என்று சூசைமுத்து திருமலையை மேலே அனுப்பினார். அவன் டவுன் வரைக்கும் ஏறிப்போய், வீட்டிலும் இல்லை என்ற செய்தியோடு மத்தியானம் தாண்டி இறங்கி வந்தான். வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்ததாகவும் பதிலே இல்லை என்றும் சொன்னான்.

அப்போதுதான் பழனி உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். "அண்ணே, ஊத்துகிட்ட கொரல் குடுத்தது அவன் இல்லண்ணே. நாந்தேன். அவன் கொரல் வரல, டீம்ல இருந்து தூக்கிருவீகளேன்னு..."

சூசைமுத்துவின் முகம் செத்துப்போனது. பிறகு கணக்குப் போட்டார். "அப்ப வழுக்குப்பாறை வரைக்கும் வந்திருக்கான். அங்க அவன் குரலை நானே கேட்டேன். பாறைக்கும் ஊத்துக்கும் நடுவுலதான் விழுந்திருக்கணும். வாங்க."

பொன்னுவேல் ஓரடி முன்னால் வந்தான். வழுக்குப்பாறையில் நீங்கள் கேட்டது என் குரல் என்று சொல்ல வேண்டும். மூச்சு ஒன்று விடுகிற நேரம் போதும். ஆனால் திருமலை பழனியின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். ஜென்மத்தில் கோபப்படாத திருமலை. அதைப் பார்த்தபின் பொன்னுவேலால் சொல்ல முடியவில்லை. ஒருவேளை நான் கத்திய பிறகு அவன் எழுந்து வந்து அங்கேதான் விழுந்திருப்பான், தேடித்தான் பார்ப்போமே என்று தனக்குத்தானே ஒரு பொய்யும் சொல்லிக்கொண்டான்.

பாறைக்கும் ஊத்துக்கும் நடுவே பள்ளத்தில் இறங்கிப் புதர் புதராகத் தேடினார்கள். அட்டை ஏறி ஷூவுக்குள் ரத்தம் நசநசத்தது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் எங்கிருந்தோ மெல்லிசாக "வாறே...ன்" என்று ஒரு குரல் வந்தது.

சூசைமுத்து திரும்பிப் பழனியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "இப்பவும் உனக்கு விளையாட்டாடா?"

"சத்தியமா நான் இல்லண்ணே! மேல இருந்து கேட்டுச்சு. எங்காத்தா மேல சத்தியம்!"

"மேல எப்படிடா இருப்பான்? பாறைகிட்ட அவன் பதில் சொல்லியாச்சு."

பழனி பொன்னுவேலைப் பார்த்தான், நீயாவது சொல்லேன் என்பது போல. பொன்னுவேல் குனிந்து காலில் இருந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை அவன் அதுவரை செய்ததில்லை, அது அவனுக்கே தெரிந்திருந்தது.

இருட்டுவதற்குள் கீழே ஊருக்குப் போய்க் கயிறும் தீப்பந்தமும் ஆளும் கொண்டு வருவதென்று முடிவாயிற்று. மூன்று பேரும் இறங்கினார்கள். "நான் பாதையில நின்னு பாத்துக்கிறேன்" என்று பொன்னுவேல் தங்கிக்கொண்டான். அவர்கள் தலை மறைந்ததும் மேலே ஓடினான். தானே கண்டுபிடித்துவிட்டால் எதையும் சொல்லவே வேண்டியதில்லை என்பது அவன் கணக்கு.

நாவல் மரத்துக்குச் சற்றுக் கீழே மண் சரிந்திருந்தது. எட்டிப் பார்த்து "வீரையா" என்று கூப்பிட்டான்.

"இஞ்ச இருக்கேன்."

மரவேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். வீரையாவின் தொடை எலும்பு முறிந்து காலே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. சட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தான், அது முழுக்க நனைந்திருந்தது. காய்ச்சல் எல்லாம் போய் உடம்பு பச்சைத் தண்ணீராகச் சில்லிட்டிருந்தது. பொன்னுவேல் தூக்கப் பார்த்தான். வீரையா போட்ட அலறலில் கையை எடுத்துவிட்டான். கீழே பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான். கேட்கிற தூரத்தில் ஒருவரும் இல்லை. நாலு பேராக வந்திருந்தால் இந்நேரம் கம்பில் சட்டையைக் கட்டித் தூக்கியிருப்பார்கள்.

ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்தினான். "நான் ஓடிப்போய் ஆளக் கூட்டிட்டு வந்துர்றேன். தூங்கிராத."

வீரையா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "பொன்னுவேலு, விழுந்த ஒடனே வழுக்குப்பாறை விசில் கேட்டுச்சு. நான் சத்தம் குடுக்க வாயத் தொறந்தேன். அதுக்குள்ள கீழ இருந்து என் கொரலே பதில் சொல்லுது. நான் செத்துட்டேனோன்னு நெனச்சேன். நீங்க எல்லாம் ஓடுற சத்தம் கேட்டுச்சு. கத்திக் கத்திப் பாத்தேன், பொறகு நெனவு இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "யாரு அது?"

"பழனி" என்றான் பொன்னுவேல்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டான். வாய் தானாக ஒன்றும் சொல்லாது.

வீரையாவுக்குச் சிரிப்பு வந்தது. "அவன்தானா. பாவம், எனக்கு வேலை கெடைக்கணும்னுதானே செஞ்சான். அவன ஏசாதீங்க. நான் கோவிக்கலன்னு அவன்கிட்ட சொல்லிரு."

பொன்னுவேல் அப்படி ஓடியதே இல்லை. விழுந்து எழுந்து, முட்டி பெயர்ந்து, கீழ் ஊர் வாசலில் வந்து நின்று கத்தினான். பந்தமும் கயிறுமாகப் பத்துப் பேர் அவன் பின்னால் ஏறினார்கள். போய்ச் சேர்ந்தபோது ஸ்வெட்டர் போர்த்தியபடியே இருந்தது, வீரையாவுக்கு உயிர் இல்லை.

மறுநாள் அடக்கத்துக்கு டவுனிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். வீரையாவின் தாய் மாரியாயி பொன்னுவேலின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ ஒருத்தன்தான் ராசா எம்புள்ள சத்தத்த நம்பி மேல போன. கடைசியா ஒரு மொகத்தயாவது பாத்துட்டுப் போனானே. நீ நல்லா இருப்ப" என்றாள். சூசைமுத்து அவன் தோளைத் தட்டினார். கழகத்தில் இனி பழனிக்கு இடமில்லை என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பழனி வேலிக்கு வெளியே மழையில் நின்றான். அவனை யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. பொன்னுவேல் வெளியே வந்தபோது அவன் கிட்டே வந்தான். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பொன்னுவேலு, நீ போறப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சுன்னு சொன்னாக. என்னையப் பத்தி எதாச்சும் சொன்னானாடா? ஏசினாலும் பரவால்ல, சொல்லு."

சொல்வதற்கு இருந்தது. கோவிக்கவில்லை என்று வீரையா சொல்லியிருந்தான். ஆனால் எதற்குக் கோவிக்கவில்லை என்று பழனி கேட்பான். வழுக்குப்பாறையில் பதில் சொன்னதற்கு என்று சொல்ல வேண்டி வரும். நான் ஊத்தில்தானே சொன்னேன், வழுக்குப்பாறையில் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும். உள்ளே மாரியாயி இன்னும் பொன்னுவேலின் பெயரைச் சொல்லி வாழ்த்திக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்லலடா" என்றான் பொன்னுவேல்.

பழனி தலையை ஆட்டினான். "அப்டியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வில்பட்டி ரோட்டில் நடந்து போனான்.