இரண்டு மீசை மீன்களுக்கு ஒரு வாளி மணல்

1

இந்தக் கதை ஒரு செய்முறைக் குறிப்பாகத்தான் பிறந்தது. என் வீட்டு மீன்தொட்டிக்கு மணல் தேர்ந்தெடுத்துக் கழுவிய விதத்தை ஒழுங்காக எழுதி, சத்துவாச்சாரியில் நான் போகும் மாலை எழுத்து வகுப்பில் வாசித்தேன். பக்கத்து நாற்காலி ஃபஹீம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான்.

"நல்லாருக்கு தோஸ்த். உப்பு எப்ப போடணும்?"

சிரிப்பு அடங்கியதும் அவனே சொன்னான். "மணலு யாருக்கு வேணும்? யாரு கழுவுறாங்க? சரியா கழுவலைன்னா இன்னா ஆவும்? அத்த எழுது."

கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. மணல் மனோரமாவுக்கு வேண்டும். கழுவுவது அவள் கணவன் நந்தகோபால். சரியாகக் கழுவாவிட்டால்

(இந்த வாக்கியத்தை முடிப்பதற்குத்தான் மீதிக் கதை.)

2

முதல் தொடக்கம்: "ஆம்பூரில் பாலாறு வறண்டு கிடந்தது." அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்துக் கதைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன.

இரண்டாம் தொடக்கம்: "நந்தகோபாலின் கைகள்." இதையும் விட்டுவிட்டேன். தோல் வேலை செய்பவனின் கையை வர்ணிக்க ஆரம்பித்தால் அவன் முகத்தை மறந்துவிடுவேன்.

மூன்றாவது நிற்கிறது.

மனோரமா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்ட வாரத்தில்தான் அந்த வீட்டின் சட்டம் ஒன்று தளர்ந்தது. தோல் ஷாப்பிலிருந்து வரும் எதுவும் மீன்தொட்டியைத் தொடக் கூடாது என்பது சட்டம். நந்தகோபாலும் அதில் அடக்கம். அவன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், பச்சைத் தோலை மருந்துத் தண்ணீரில் உருட்டும் பெரிய மர டிரம்களைப் பார்த்துக்கொள்பவன். போன வருடம் ஒருநாள் வேலை முடித்து வந்த கையோடு, தொட்டிக்குள் விழுந்த தீனி டப்பாவின் மூடியை எடுத்துக் கொடுத்தான். மறுநாள் காலையில் மீன்கள் மிதந்தன. அவன் கையால்தானா என்று யாருக்கும் தெரியாது. (எனக்கும் தெரியாது.) மனோரமாவுக்கு மட்டும் தெரியும்.

அதன்பின் தொட்டிப் பக்கம் அவன் போனதில்லை. இரவு சாப்பிடும்போதுகூட அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

இப்போது புதிதாக இரண்டு மீன்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பில் காத்திருந்தன. தரையோடு தரையாக மேய்ந்து, மீசையால் மணலைத் துழாவி இரை தேடும் இனம். கடைக்காரரின் தொட்டியில் கூர்மையான கல் போட்டிருந்ததால் மீசை ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது. மெல்லிய மணல் கிடைத்தால் திரும்ப வளரும். கிடைக்காவிட்டால் தீனி கண்ணெதிரே கிடந்தாலும் எடுக்கத் தெரியாமல் போகும். ஒரு கையால் மனோரமாவால் வாளி தூக்க முடியாது.

"நீங்கதான் பண்ணணும்" என்றாள்.

நந்தகோபால் டம்ளரைக் கீழே வைத்தான். "நானா?"

"வேற யாரு, கவர்னரா வருவாரு?"

3

"எம்.சாண்ட் எடுத்தாந்துடாதீங்க. மிஷின்ல ஒடைச்ச கல்லு அது. இருக்கிற மீசையும் பூடும்."

"பாலாத்து மணலு?"

"ஷாப்பு கழிவு ஓடுற அந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?"

"கடையில கலர் கல்லு வச்சிருக்கான், அழகா."

"மீனுக்குக் கல்யாண மண்டபமா கட்டுறோம்?"

அவன் மோட்டார் பம்பு விற்கும் கடைக்குப் போய், குடிநீர் வடிகட்டித் தொட்டியில் போடும் மணலைக் கேட்டான். அது உருண்டையான மணல். ஒரு பிடி எடுத்து உள்மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்தான். கீறவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் விட்டான். நுரைத்தால் கிளிஞ்சலோ சுண்ணாம்போ கலந்திருக்கிறது, தண்ணீரின் தன்மை மாறிவிடும். நுரைக்கவில்லை. டம்ளரைக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாத்துக்க. சத்தமே இல்ல."

"சரி சரி. மெடல் அப்புறம். போய்க் கழுவுங்க."

*என் பழைய செய்முறைக் குறிப்பில் இந்தப் பகுதி மட்டும் நான்கு பக்கம். ஃபஹீமுக்குப் பயந்து வெட்டினேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: வாளியில் பாதிக்கு மேல் மணல் போடாதீர்கள், கிளற இடம் இருக்காது.*

மொட்டைமாடியில் குழாயடி. மனோரமா முக்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மேற்பார்வை செய்தாள். அவன் தண்ணீரை அடித்துவிட்டு, அடிவரை கைவிட்டுக் கிளறி, கலங்கலைச் சாய்த்தான்.

"இன்னும் கலங்குது."

"டீ மாதிரி இருந்துச்சு. இப்ப மோர் மாதிரி ஆயிடுச்சு இல்ல?"

"தண்ணி மாதிரி ஆவட்டும்."

டிரம்மில் தோலைக் கழுவுவதும் இப்படித்தான். அதை அவன் சொல்லவில்லை. சொன்னால் இந்த மணலும் தோல் ஷாப்பைச் சேர்ந்ததாகிவிடும். முழங்கைவரை நனைந்து, முதுகில் வெயில் ஏற, வாளியின் அடி கண்ணாடிபோலத் தெரிந்தபோது அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். ஒரு வருடமாக அந்த வீட்டில் அவனுக்குக் கிடைக்காத தலையசைப்பு அது.

"காய வைங்க."

"தொட்டித் தண்ணிலதான மனோ போடப் போறோம்?"

"காயாத எதையும் நான் நம்ப மாட்டேன்."

நந்தகோபால் மாடிப்படி அறையிலிருந்து பிரித்த சாக்கு ஒன்றை எடுத்து விரித்தான்.

4

இங்கேதான் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. ஃபஹீமுக்கும் வந்தது.

"ஆம்பூர் வீட்டுச் சாக்குன்னா தோல் ஷாப்பு சாக்கு. தோலைப் பதம் பண்ற பச்சை குரோம் பவுடர் வந்தது, வெஷம். டிரம்முல வேலை செய்றவன் அதுல மணல் காய வைப்பானா? பேஜார் பண்ணாத."

நியாயமான கேள்வி. பதிலுக்காக நான் ஆம்பூரில் ஒரு மாலை நடந்தேன். அந்தச் சாக்கு குளியலறைக்குத் திரையாகத் தொங்குகிறது. மழையில் பைக்குக்குப் போர்வையாகிறது. கோழிக்கூட்டுக்குக் கூரை, பூக்கடைக்கு நிழல். கிழியாது, இற்றுப்போகாது. தையல் பிரித்து ஒருமுறை அலசிவிட்டால் அதற்குப் பழைய ஊரும் இல்லை, பெயரும் இல்லை. எங்கள் பக்கத்தில் யார் கண்ணுக்கும் அது சாக்காகத் தெரிவதில்லை.

யார் கண்ணுக்கும் என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். அப்படியென்றால் அதை நந்தகோபால்தான் எடுக்க வேண்டுமா?

மூன்றாம் பகுதியின் கடைசி வாக்கியத்தை நீங்களும் அடித்துவிடுங்கள். சரியான வாக்கியம் இது:

மனோரமா எழுந்துபோய், இடது கையால் அந்தச் சாக்கை இழுத்து வந்து அவனிடம் கொடுத்தாள். "இதுல விரிங்க. சுத்தமா இருக்கு. நம்ம மொளகா காயப்போட்டது."

சட்டம் போட்டவளே கொடுத்தாள். அவனும் யோசிக்காமல் வாங்கினான். இந்தத் திருத்தத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

5

மறுநாள் மாலை மணல் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. நந்தகோபால் அதைச் சலித்து வாளியில் அள்ளினான். சாக்கை உதறி மடிக்கும்போது ஓரத்துத் தையல் மடிப்பு விரிந்தது. உள்ளே இறுகிப்போன பச்சைத் தூள். ஈர மணல் அதன்மேல் கிடந்த இடத்தில் ஒரு வெளிர்பச்சைக் கோடு. நகத்தால் சுரண்டிப் பார்த்தான். வேறு யாரிடமும் கேட்க வேண்டிய நிறமல்ல அது.

கீழேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, ஆச்சா?"

அவன் மனதில் முதலில் வந்தது மீன் அல்ல. "நீதான குடுத்த" என்கிற வாக்கியம். ஒரு வருடமாகப் பதில் இல்லாமல் இருந்தவனின் கையில் இப்போது ஒரு பதில், அதுவும் பச்சை நிறத்தில். அடுத்து வந்தது அடுப்படியில் இருக்கும் மிளகாய்த்தூள் டப்பா. மீன்கள் மூன்றாவதாகத்தான் வந்தன. (இந்த வரிசையை மாற்றி அவனை இன்னும் நல்லவனாக்கப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.)

6

முடிவு ஒன்று: அவன் மணலைத் தொட்டியில் கொட்டுகிறான். இதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். செத்த மீன்களை உங்கள் கையில் தரமாட்டேன். அவன் அந்த மணலை மாடி மூலையில் கவிழ்த்துவிட்டான். அது முடிந்துபோன விஷயம்.

முடிவு இரண்டு, ஃபஹீமுடையது: "ஒண்ணும் சொல்லாம கடைக்குப் போய் வேற மணல் வாங்கியாந்துடுவான். கை தவறிக் கொட்டிட்டேன்னு சொல்லிப்பான். ஆம்பள அப்படித்தான்."

"அப்ப மொளகாத்தூளு?" என்று கேட்டேன்.

ஃபஹீம் பேனாவை மூடித் திறந்தான். "ஆமால்ல" என்றான்.

ஆகவே அவன் பேசியே ஆக வேண்டும். நந்தகோபால் படியிறங்குகிறான். ஒரு கையில் காலி வாளி, இன்னொரு கையில் மடித்த சாக்கு. மனோரமா வாசலுக்கே வந்துவிட்டாள். வாளியைப் பார்க்கிறாள்.

"மணலு எங்க?"

ஜெயித்தவனாகவும் சொல்லலாம், அவளோடு சேர்ந்து அதே மிளகாயைத் தின்றவனாகவும் சொல்லலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் என் குரல்தான் கேட்டது, அவன் குரல் கேட்கவில்லை. நீங்கள் இன்னொருவரோடு ஒரே வீட்டில் இருப்பவராக இருந்தால், அவன் என்ன சொல்வான் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

டப்பில் காற்றுக்குழாய் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டேன். ஓடுகிறது. மீன்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கும். மனோரமா பொறுக்கமாட்டாள், வாசலிலேயே நிற்கிறாள்.

சொல்லுங்கள்.