மாப்பிள்ளையின் நான்கு பிரதிகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளுக்கு எண் உண்டு, ஆனால் யாரும் எண்ணைச் சொல்வதில்லை. காளை, எலி, குரங்கு என்றுதான் பேச்சு. மனித ஆணின் மாதிரிக்கு "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தவள் நான். என் வாய் சும்மா இருக்காது.

நாங்கள் ஆராய்ந்தது விந்தணு உருவாகத் தேவையான ஒரு மரபணுக் குடும்பத்தை. எலியிலும் காளையிலும் அது ஒரு சாதாரணக் குரோமோசோமில் ஒற்றையாக இருக்கிறது. குரங்குக்கும் மனிதனுக்கும் பொதுவான முன்னோரிடம் எப்போதோ அதன் பிரதி ஒன்று ஒய் குரோமோசோமுக்குக் குடிபோய், அங்கே பெருகிவிட்டது. மனித ஆணுக்கு அங்கே வழக்கமாக நான்கு பிரதிகள். எங்கள் மாப்பிள்ளைக்கு ஒன்றுகூட இல்லை. சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தும் இல்லை.

ஆய்வுக்கூடக் கூட்டத்தில் அந்தச் சோதனைப் படத்தைத் திரையில் போட்டதும் எனக்குக் குஷி வந்துவிட்டது. "பாவம், இந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணம் மட்டும்தான். தொட்டில் கட்ற வேலை மிச்சம்," என்றேன். பேராசிரியர்கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மேஜைக் கோடியில் அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் அக்காவின் கணவர். இங்கே இயந்திரங்களெல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு இந்த வேலை கிடைத்ததும் அவரால்தான்.

எல்லோரும் போன பிறகு குளிர்பதன அறை வாசலில் என்னை நிறுத்தினார்.

"நாலும் இல்லையா?"

"இல்ல அத்தான். ஏன்?"

"வெளியில வாங்கி வெச்சிருந்த ஆண் சாம்பிள் கெட்டுப்போச்சு. வேலை நிக்கக் கூடாதேன்னு அதுக்குப் பதிலா என் ரத்தத்தை எடுத்து வெச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

அப்படியானால் நான் கேலி செய்த மாப்பிள்ளை அத்தான்தான். திங்கட்கிழமை அக்காவுக்கு ஆபரேஷன். குழந்தை இல்லாததற்குக் குறை அவளிடம்தான் என்று வருடக்கணக்காக மாத்திரை, ஊசி. இப்போது கத்தி. மரபணு படித்த நானும் ஒரு நாள்கூட அத்தானைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

"நீங்களும் ஒரு டெஸ்ட் எடுங்கன்னு அவ கேட்டுக்கிட்டேதான் இருந்தா. எனக்கென்ன குறைச்சல்னு சிரிச்சுத் தள்ளிட்டேன்," என்றார். "இன்னைக்கு நீங்கள்லாம் சிரிச்சீங்கல்ல, அப்படி."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இத்தனை பேசும் வாய்.

"ஆஸ்பத்திரியில பாத்து உறுதி பண்ணணும் அத்தான். ஆனா அதுக்கு முன்னாடி அக்கா மேல கத்தி படக் கூடாது," என்று மட்டும் சொன்னேன்.

அவர் அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டார். நான் நகரப் பார்த்தேன். கையைக் காட்டி இருக்கச் சொன்னார். ஆபரேஷன் வேண்டாம், குறை தன்னிடம்தான் போலிருக்கிறது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார். ரத்தம் கொடுத்ததைச் சொன்னார். கூட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

பிறகு அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"இது தங்கச்சிக்குத் தெரியுமா? தெரிய வேண்டாங்க. அவ உங்க மேல ரொம்ப மரியாதை வெச்சிருக்கா."

அத்தான் என்னைப் பார்த்தார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.