கையில் இருந்த சாவி

நிர்மலா மூன்றாவது பூட்டிலும் அந்தச் சாவியைச் சொருகித் திருப்பிப் பார்த்தாள். திரும்பவில்லை. வெளியே பந்தலில் புருஷன் பரமசிவம் மாலையோடு கிடக்க, உள்ளே பூட்டோடு மல்லுக்கட்டுகிறவளைப் பார்த்து ஓரகத்தி தலையில் அடித்துக்கொண்டாள். நிர்மலா என்ன செய்வாள்? ஆஸ்பத்திரியில் வாட்சோடு இதையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வலது கையில் இறுகப் பிடித்திருந்தாராம். வீட்டுச் சாவியையே தொலைத்துவிட்டு வரும் மனுஷன்!

மாரடைப்பு என்று சூப்பர்வைசர் பிரேம்குமார் போனில் சொல்லியிருந்தான். எல்லோரும் நம்பினார்கள். இந்தச் சாவி மட்டும் இல்லையென்றால் அவளும் நம்பியிருப்பாள்.

ஓசூரில் பரமசிவத்தோடு கம்பெனி ஷெட் கூரைக்குத் தகரம் மாட்டும் முஹ்சின் வந்ததும் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். அவன் முதலில் மழுப்பினான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. லீவு முடிந்து வருகிறவனை வெயிலுக்குப் பழகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலைக்கு விட வேண்டும் என்று கேட்டிலேயே போர்டு இருக்கிறதாம். மாரியம்மன் திருவிழாவுக்கு இங்கே மத்தூரில் வீட்டோடு தங்கிவிட்டுப் போனவரை, பழைய ஆள்தானே என்று அன்றைக்கே மேலே ஏற்றிவிட்டார்கள். மதியம் உளற ஆரம்பித்தார். கீழே இறக்கியதும் கை கால் இழுத்தது.

"வலிப்புன்னு நெனச்சிட்டோம்க்கா. இரும்பு குடுத்தா நிக்கும்னு, பிரேம்குமார் சார்கிட்ட இருந்த சாவிய வாங்கி நாந்தான் கையில வெச்சி அமுக்கினேன். ஒடம்பு அடுப்பாட்டம் கொதிச்சிது. தண்ணி ஊத்தணும்னு தோணவே இல்ல."

அவன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"எந்தப் பூட்டுச் சாவிடா இது?"

அவன் பதில் சொல்வதற்குள் பிரேம்குமாரே பெரிய மாலையோடு வந்துவிட்டான். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, நேரே அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. அண்ணன் கையில ஒரு சாவி இருந்திச்சா? நாளைக்கி லேபர் ஆபீசருங்க செக்கிங் வராங்க. ரெஸ்ட் ரூம தெறந்து காட்டணும்."

வெயிலில் வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூலரும் ஐஸ் தண்ணீரும் வைத்துக் கட்டிய ரூம் என்று முஹ்சின் விளக்கினான். அழுக்காகிவிடும் என்று பூட்டியே வைத்திருந்தார்கள்.

"அந்த ரூம் வாசல்லதான்க்கா அண்ணன படுக்க வெச்சிருந்தோம்" என்றான் முஹ்சின்.

பிரேம்குமார் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. நிர்மலா சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

"நீ போப்பா. நாளைக்கி அவங்க வந்ததும் நானே வந்து தெறக்கறேன்."

குளிப்பாட்டக் கூப்பிட்டார்கள். முதல் குடத்தை அவள்தான் தலையோடு ஊற்றினாள். போதும் என்று ஓரகத்தி கையைப் பிடித்தாள். நிர்மலா இன்னொரு குடம் கேட்டாள்.