சிங்காரவேலின் மூன்றாவது பெண்டாட்டி

சிங்காரவேலுக்கு மூன்றாவது பெண்டாட்டியாக ஒரு வாழை மரம் தேவைப்பட்டது.

முதல் இரண்டு பெண்டாட்டிகளும் செத்துப்போயிருந்தார்கள். மூன்றாவதும் தங்காது என்று ஜோசியர் ஜாதகக் கட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். பரிகாரம் உண்டு. வாழைக்குத் தாலி கட்டி, கட்டிய கையாலேயே வெட்டிச் சாய்த்துவிட்டால் மூன்றாவதும் செத்த கணக்கு. பிறகு வருகிறவள் நாலாவது. அவளுக்கு ஆயுசு கெட்டி.

அந்த நாலாவது, நீலாவதி. விருத்தாசலம் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல், இரண்டாம் வருஷம். சிங்காரவேல் அவளுக்கு அன்னியர் இல்லை. அம்மா கொளஞ்சியம்மாளின் கூடப்பிறந்த தம்பி. தாய்மாமன் கேட்டு முடியாது என்று சொன்ன வீடு அவர்கள் உறவில் ஒன்றுகூடக் கிடையாது. அப்பா தெய்வநாயகம் மாமாவின் பீங்கான் பட்டறையில்தான் அச்சு வார்க்கிறார். கேட்ட அன்றே தலையாட்டிவிட்டார்.

மாமாவைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. நீலாவதி பி.யூ.சி. தேறியபோது கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தவர். ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் அவருடைய பட்டறை. ஊறுகாய் ஜாடியும் ஃப்யூஸ் கட்டையும் வெள்ளை வெள்ளையாக அடுக்கியிருக்கும். அந்தப் பட்டறைதான் அவருக்கு எல்லாம்.

இரண்டாவது அத்தை ராஜாம்பாளுக்கு ஏழாம் மாதத்தில் உதிரம் கொட்டத் தொடங்கிய அன்று, பட்டறையில் சூளை எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு வைத்த சூளையைப் பாதியில் விட்டுப் போனால் உள்ளே இருக்கிற சரக்கு முழுவதும் விரிசல் விட்டுவிடும். ‘இதோ வந்துட்டேன்னு சொல்லு’ என்று மாமா கூப்பிட வந்த ஆளிடம் சொல்லியனுப்பினார். மறுபடியும் ஆள் போனான். மறுபடியும் அதே பதில். அவர் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரிக்கு வண்டி பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதல் அத்தையின் காய்ச்சல் முற்றியதும் ஒரு சூளை நாளில்தான். ஊரில் யாரும் சூளையைக் குறை சொல்லவில்லை. கட்டத்தைத்தான் சொன்னார்கள்.

நீலாவதி மட்டும் சூளையை நினைத்துப் பயந்தாள். ராஜாம்பாள் அத்தையின் தலைமாட்டில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

கல்லூரியில் அந்தப் பருவம் தொடங்கியபோது சாவித்திரி மேடம் ஒரு புது வேலை கொடுத்திருந்தார். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர். மற்ற விரிவுரையாளர்களைப் போல நோட்ஸ் சொல்லி எழுத வைப்பவர் அல்ல.

“செடியைப் பறிச்சு, காய வைச்சு, அட்டையில ஒட்டிக் கொண்டு வர வேண்டாம். உங்க வீட்டுப் பக்கத்துல உயிரோட இருக்கிற ஏதாவது ஒண்ணை எடுத்துக்குங்க. மரம், பறவை, பூச்சி, எதுவானாலும் சரி. பருவம் முழுக்க அதோட பழகுங்க. உங்களுக்கும் அதுக்கும் நடுவுல என்ன இருக்குதுன்னு கடைசியில எழுந்து நின்னு சொல்லணும்.”

வகுப்பு இதைப் பெரிய வேடிக்கையாக எடுத்துக்கொண்டது. ஜெயராஜ் தண்டவாளத்தோரத்து ஓணான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். “அதுவும் என்னை மாதிரிதான் மேடம். எதைச் சொன்னாலும் தலையாட்டும். பாஸ் மட்டும் பண்ணாது.” வாசுகி தன் வீட்டுச் சினை ஆட்டைச் சொன்னாள். நீலாவதிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பல் விளக்கும்போது எதிரில் தெரிகிற வாழையைச் சொல்லிவைத்தாள்.

“உனக்கும் வாழைக்கும் என்னம்மா?”

“நான் குளிக்கிற தண்ணி அதுக்குத்தான் போவுது மேடம். என் அழுக்கைக் குடிச்சுதான் அது வளருது.”

“ஐயையோ! இவங்க வூட்டு வாழைப்பழம் எனக்கு வேணவே வேணாம்பா” என்றான் ஜெயராஜ். வகுப்பே சிரித்தது. மேடமும்தான்.

சோம்பலில் தேர்ந்தெடுத்ததுதான். ஆனால் பார்க்கப் பார்க்கப் பிடித்துவிட்டது. சுருட்டிய பாய் போலக் குருத்து எழுந்துவரும். காலையில் பச்சைக் குழல். மாலையில் விரிந்த இலை. மழையில் தேரை ஒன்று அதன் மட்டைக்குள் குடிவந்தது. நீலாவதி குளித்துவிட்டுத் துணி பிழியும்போது, ஈரத்தை அதன் அடியில் விழும்படி பிழியப் பழகிக்கொண்டாள்.

மேடம் ஒரு நாள் வாழையைப் பற்றித் தனியாகவே பாடம் எடுத்தார். நாம் மரம் என்று நினைப்பது மரமே இல்லை. இலைக்காம்புகள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் சுருள். நிஜத் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பருவம் வந்ததும் அது சத்தமில்லாமல் சுருளுக்குள் மேலேறும். உச்சியில் பூவை வைத்துக்கொண்டு ஏறும். வெளியில் யாருக்கும் தெரியாது. “ஒரே ஒரு அடையாளம் உண்டு. கடைசியா வர்ற இலை சின்னதா இருக்கும். அந்த இலையைப் பார்த்தா உள்ளே கரு வந்தாச்சுன்னு அர்த்தம்.”

கல்யாணப் பேச்சு எடுத்த வாரத்தில் நீலாவதியின் வாழை அந்தச் சின்ன இலையை விட்டது.

மறுநாள் மாலை மாமாவும் ஜோசியரும் வீட்டுக்கு வந்தார்கள்.

“ஆளு உசரம் இருக்கணும். குலை தள்ளாத கன்னி வாழையா இருக்கணும்” என்றார் ஜோசியர். “பொண்ணு வூட்டு மரமா இருந்தா ரொம்ப விசேஷம்.”

கொல்லையில் அந்த உயரத்தில் இரண்டு வாழைகள் நின்றன. ஒன்று கிணற்றடியில், மற்றொன்று துவைக்கிற கல்லருகில். அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, நீதான காலேஜில வாழையப் பத்திப் படிக்கிற? எது தோதுன்னு நீயே சொல்லேன்.”

“கட்டிக்கப் போறவளே சக்களத்தியத் தேடித் தராளா? நல்லாருக்குது போ” என்று மாமா சிரித்தார்.

நீலாவதியின் மனம் விறுவிறுவென்று ஓடியது. கன்னி என்று நினைத்து வெட்டுவார்கள். உள்ளே பூ இருக்கும். வயிற்றுப்பிள்ளையோடு செத்தவளின் புருஷன், இன்னொன்றையும் வயிற்றுப்பிள்ளையோடு வெட்டினான் என்று ஆகும். ஜோசியர் பதறிப்போவார். இவ்வளவு பெரிய அபசகுனத்துக்கு மேல் யார் கல்யாணம் பண்ணுவார்கள்?

துவைக்கிற கல்லருகில் நின்ற தன் வாழையைக் காட்டினாள்.

“இது, மாமா.”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து உச்சியை அண்ணாந்து பார்த்தாள். “காப்பி ஆறுது, வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை காலையில் வாழையைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை சுற்றினார்கள். பெண் பார்க்கக் கூடாது என்று நீலாவதியை அடுப்படிக்குள் இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். மாமா நல்ல பயபக்தியோடு தாலி கட்டினார். முடிச்சு இறுகியதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு அரிவாளை வாங்கினார். ஒரே வெட்டு. இடுப்பளவில் வாழை சரிந்தது. பக்கத்து வீட்டு மாரியம்மாள் சம்பிரதாயத்துக்கு மாரில் அடித்துக்கொண்டு, “எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே மவராசி” என்று இழுத்தாள். இழுத்தவள் பாதியில் நிறுத்தினாள். வெட்டுப்பட்ட இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

“அடியாத்தே! நடுவுல தண்டு ஓடியிருக்குது.”

மாமா சாய்ந்து கிடந்ததை அரிவாளால் நீளவாக்கில் பிளந்தார். மட்டை மட்டையாக உரித்தார். உச்சிக்குக் கீழே, மூடிய கை அளவில், செக்கச்செவேலென்று பூ இருந்தது. பால்கறை அவருடைய வேட்டியில் சொட்டியது.

“புள்ளத்தாச்சியப்பா இது!” என்றாள் மாரியம்மாள். இந்தத் தடவை அவள் குரல் சம்பிரதாயத்துக்கு எழுந்தது அல்ல.

சன்னல் கம்பியை நீலாவதி இறுகப் பிடித்துக்கொண்டாள். மாமாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தாள். ஜோசியரின் வாய் திறந்து மூடுவதைப் பார்த்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

ஜோசியர் கண்ணை மூடினார். விரல் கணுக்களில் ஏதோ எண்ணினார். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

“சிங்காரவேலு, நீ குடுத்து வச்சவன்யா. தாய் மட்டும் போயிருந்தா பாதி தோஷந்தான் போயிருக்கும். புள்ளையும் சேர்ந்து போயிடுச்சு பாரு. இனிமே உன் பொண்டாட்டிக்கும் ஆபத்தில்ல, அவ வயித்துல வர்றதுக்கும் ஆபத்தில்ல. ரெண்டு உசுரையும் இதுவே எடுத்துக்கிச்சு. தேடினாலும் இப்படி ஒண்ணு கெடைக்காது.”

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண்களில் நீர் வழிந்தது. நெடுநாளாக நெஞ்சில் கிடந்த ஏதோ இறங்கியது போல நீளமாக மூச்சுவிட்டார். பிறகு தலைமுழுகக் கிணற்றடிக்குப் போனார்.

“அந்தப் புள்ள கை ராசிதான்” என்று யாரோ சொன்னார்கள்.

எல்லோரும் போனபிறகு அம்மா அடுப்படிக்குள் வந்தாள். நீலாவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“தெரிஞ்சுதாம்மா அதைக் காட்டினேன்” என்றாள்.

“எனக்கும் தெரியும்டி.”

நீலாவதி நிமிர்ந்து பார்த்தாள்.

“சின்ன எலை வுட்டிருந்திச்சே. நான் வாழையே பாக்காதவளா? பாத்துட்டுதான் வாய மூடிக்கிட்டுப் போனேன்.” அம்மா தரையில் உட்கார்ந்தாள். “என் தம்பிதான். தூக்கி வளத்தவதான் நானு. ஆனா ரெண்டு பேத்தையும் குளிப்பாட்டிச் சேலை கட்டி அனுப்பினதும் நானுதாண்டி. மூணாவதா ஒரு தடவை என்னால முடியாது.”

“போய் வேண்டாம்னு சொல்லும்மா.”

“சொல்லிட்டுதான் வரேன். கெணத்தடியிலேயே சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘யக்கா, உன் பொண்ணு பேரச் சொல்லித்தான் மரத்த வெட்டியிருக்குது. இப்ப நிறுத்தினா அவள எவன் கட்டுவான்? நாலாவதா நின்னுட்டு எங்க போவா?’ன்னான். உங்கப்பாவும் ஆமான்றாரு.” அம்மா தன் கைகளைப் பார்த்தாள். “நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா இறுக்கி முடிச்சுப் போட்டுட்டோம்டி.”

கல்யாணம் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை வகுப்பில் நீலாவதி பேச வேண்டிய நாள். அப்பா போக வேண்டாம் என்றார். “போவட்டும். ஒரு நாளுதான” என்று அம்மா அனுப்பிவைத்தாள்.

ஜெயராஜ் ஓணானைப் பற்றிப் பேசி வகுப்பைச் சிரிப்பில் உருட்டிவிட்டு உட்கார்ந்தான். அடுத்து அவள்.

“என் வாழைய நேத்து வெட்டிட்டாங்க மேடம்.”

“ஐயோ, நான் பழம் வேணாம்னு சொன்னதுக்கா?” என்றான் ஜெயராஜ். சிலர் சிரித்தார்கள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தாலி கட்டியது, வெட்டியது, உள்ளே பூ இருந்தது. சூளையையும் சொன்னாள். சிரிப்பு எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. வாசுகி டெஸ்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“எனக்கும் அதுக்கும் நடுவுல என்ன இருந்ததுன்னு கேட்டீங்க. நான் தப்பிக்கிறதுக்கு அதைக் காட்டிக் கொடுத்தேன். எங்க மாமாவும் அதையேதான் செஞ்சாரு. அவரு தப்பிச்சிட்டாரு. வேற ஒண்ணும் இல்ல மேடம்.”

சாவித்திரி மேடம் சாக்பீஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவள் தோளைத் தொட்டார். “நான் வேணா உங்கப்பாகிட்ட வந்து…” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “எப்படியாவது பரீட்சை மட்டும் எழுதிடு” என்றார் கடைசியில்.

மணி அடித்தது.

வெளியே மாமா மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். புதுச் சட்டை. முகத்தில் இரண்டு வருஷமாக இல்லாத களை.

“ஏறு பாப்பா. வெயிலு கொளுத்துது.”

“நடந்தே வரேன் மாமா.”

அவள் நடந்தாள். வண்டி பின்னாலேயே மெதுவாக உருண்டு வந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. அவள் நின்றாள். வண்டியும் நின்றது. கேட்டுக்காக நின்றிருந்த மாட்டு வண்டிக்காரர், “இன்னா சிங்காரம், ஒரு நாளு பொறுக்க முடியலியா?” என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் வெட்கத்தோடு சிரித்தார்.

நீலாவதி திரும்பினாள்.

“மாமா, எனக்கு உடம்புக்கு ஏதாவது வந்தா, சூளைய வுட்டுட்டு வருவீங்களா?”

அவர் அவளைப் பிரியமாகப் பார்த்தார். கேள்வி அவருக்கு வேடிக்கையாக இருந்தது போலிருந்தது.

“பைத்தியக்காரப் பொண்ணு. உனக்கு ஏன் வரப் போவுது? அதான் வெட்டியாச்சுல்ல?”

சரக்கு ரயில் ஒன்று நெய்வேலிக் கரியை ஏற்றிக்கொண்டு நீளமாகப் போனது. அது போய்முடிகிற வரையில் அவள் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பயம் துளிக்கூட மிச்சமில்லை.

கேட் திறந்தது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. ஓரமாக ஒதுங்கி நிற்க இடமில்லை. அவள் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.