லங்காஸ்டர் ராஜாவின் கை

கில்பர்ட் விடிந்ததும் எழுந்தான். அடுப்பை ஊதி ஓட்ஸ் கஞ்சியை ஏற்றினான். மனைவி அமிஸின் கழுத்துத் துணியை அவிழ்த்தான். கண்டமாலைக் கட்டிகளில் இரண்டு உடைந்திருந்தன. வெந்நீரால் துடைத்து, வேறு துணி கட்டினான். பிறகு அம்புகளுக்கு வாத்து இறகு ஒட்ட உட்கார்ந்தான். தினமும் இப்படித்தான்.

அன்று பக்கத்து வீட்டு ஹாவிஸ் வாசலிலிருந்தே கத்தினாள். "தம்பி, நாளைக்கு ராஜா நம்ம லிங்கனுக்கு வர்றாராம்! பெரிய கோயில்ல கட்டி வந்தவங்களை எல்லாம் தொட்டுக் குணமாக்குறாராம். வண்டியைக் கட்டு."

"எந்த ராஜா?"

"நாட்டுக்கு எத்தனை ராஜா? உங்க பழைய ராஜா ஹென்றியைத்தான் லண்டன் கோட்டையில பூட்டி வெச்சிருக்காங்களே."

"அந்த யார்க் பயலா? முடியைத் திருடினவன் கையில என்ன குணம் இருக்கும்? லங்காஸ்டர் ரத்தம் தொட்டாத்தான் கட்டி கரையும்."

அவனுடைய அண்ணன் ஹென்றியின் லங்காஸ்டர் குலத்துப் பக்கம் நின்று, யார்க் குலத்தோடு நடந்த டவ்டன் போரில் செத்தவன். பிணம்கூடக் கிடைக்கவில்லை.

"கையைக் கழுவிட்டு வந்தா, எனக்கு யாரா இருந்தாலும் சரிதான்" என்றாள் அமிஸ்.

ஹாவிஸ் சிரித்தாள். கில்பர்ட் சிரிக்கவில்லை.

"நம்ம ராஜா வருவார். அதுவரைக்கும் பொறு."

மறுநாள் கோயில் மணி அடித்தபோது அவன் இறகு ஒட்டிக்கொண்டிருந்தான். தெருக்கோடித் தச்சன் கழுத்தில் கட்டி வந்த தன் மகளைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனான். கோடையில் அந்தப் பெண்ணின் கழுத்து ஆறியது. தானாகவே ஆறியிருக்கும் என்றான் கில்பர்ட்.

இலை உதிரும் காலத்தில் யார்க் ராஜா கடல் தாண்டி ஓடினார்; ஹென்றி கோட்டையிலிருந்து வெளியே வந்து மறுபடி அரியணை ஏறினார். சேதி வந்த அன்றே கில்பர்ட் வண்டியில் வைக்கோல் பரப்பினான். அமிஸ் அப்போது கஞ்சியைக்கூட விழுங்கச் சிரமப்பட்டாள்.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல?"

"சொன்னே, சொன்னே. அந்தக் கம்பளியை எடு."

லண்டனுக்குப் பாதி வழிகூடப் போகவில்லை. ஸ்டாம்ஃபோர்டு மேட்டில் திரும்பிப் பார்த்தான், அமிஸின் மூச்சு நின்றிருந்தது. அங்கேயே புதைத்துவிட்டு வெறும் வண்டியோடு வந்தான்.

'ராஜா ஹென்றி வாழ்க' என்று சொல்லிக்கொண்டே அமிஸ் போனதாக ஹாவிஸ் ஊரெல்லாம் சொன்னாள். வசந்தத்தில் யார்க் ராஜா திரும்பி வந்து முடியைப் பிடித்ததும் நிறுத்திக்கொண்டாள். கில்பர்ட் அம்புகளுக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தான். மேடு ஏறும்போது அமிஸ் சொன்னது வேறு.

"குதிரை நொண்டுது பாரு. நீ இறங்கி நடய்யா."